அம்மாவுக்கு நினைவு மலர்: அச்சகம் தரும் 16 பக்கத் தொகுப்பு தேறுமா?

பாளையங்கோட்டை, நாகர்கோவில் பக்கத்து அச்சகங்களில், கிறிஸ்தவ வீடுகளில் இறந்தவருக்கு நடத்தும் முப்பதாம் நாள் ஜெபத்துக்கும் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கும் ‘நினைவு மலர்’ என்று ஒரு தொகுப்பு போட்டுத் தருகிறார்கள். ஏ5 அளவு, அட்டையோடு சேர்த்து 16 பக்கம், நடுவில் இரண்டு பின். படத்தையும் விவரத்தையும் கொடுத்துவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அச்சு வேலையில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் அந்த ‘மீதி’யில்தான்.

விவரம் கேட்கும் படிவமே உத்தியோகம் பார்த்த அப்பாக்களுக்காகப் போட்டது. படிப்பு, பதவி, ஓய்வுபெற்ற நாள் என்று கட்டங்கள் இருக்கும். வீட்டைக் கட்டிக் காத்த அம்மாவுக்கு அவை காலி. அந்தக் காலியிடத்தில் ‘அன்பின் சிகரமே, பாசத்தின் ஊற்றே’ வந்து உட்காரும். அப்புறம் நாலு பக்கத்துக்குப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பட்டங்கள். படித்து முடித்தால் பேரன் என்ஜினியர் என்று தெரியும், அம்மா யாரென்று தெரியாது. படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்: ஞாயிறு பள்ளியில் எந்த வகுப்பு, எத்தனை வருஷம், உலை வைக்கும்முன் சபைக் காணிக்கைக்கென்று பிடியரிசி எடுத்துப் போட்ட பானை எது, அசனத்துக்கு (சபையில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் விருந்து) எந்த வேலைக்கு அவரைத் தேடினார்கள், சீட்டுப் பணத்தில் என்ன வாங்கினார். இப்படி ஒரு பக்கம் எழுதினாலே போதும்.

வசனத்துக்கு அச்சகத்தில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். குணசாலியான ஸ்திரீ, நீதிமொழிகள் 31:10, கிட்டத்தட்ட எல்லா அம்மாக்களுக்கும் அதுதான். தப்பில்லை, ஆனால் அதே அதிகாரத்தில் 10 முதல் 31 வரை 22 வசனங்கள் இருக்கின்றன. இருட்டோடே எழுந்திருந்து வீட்டாருக்கு ஆகாரங்கொடுக்கிறவளைப் பற்றிய 15-ஆம் வசனம், நாலு மணிக்கு அடுப்பு பற்றவைத்த அம்மாவுக்கு இன்னும் பொருந்தும். எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் பாருங்கள். ஒரே பட்டியலில் சபை வித்தியாசம் பாராமல் கலந்து வைத்திருப்பார்கள். சிஎஸ்ஐ குடும்பத்து மலரில் ‘திருப்பாடல்கள்’ என்றும், கத்தோலிக்கக் குடும்பத்து மலரில் ‘சங்கீதம்’ என்றும் இடம் மாறி வந்துவிடும்; ஒரே நூலுக்கு இரண்டு சபையாரும் வைத்திருக்கும் வேறு வேறு பெயர்கள் இவை. பாட்டுக்கும் இதே கவனம் தேவை. எண்ணை மட்டும் போட்டால் வேறு பதிப்பு வைத்திருப்பவர் வேறு பாட்டைத் திருப்புவார். முதல் அடியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

அட்டைப்படத்தில்தான் ஆபத்து அதிகம். நல்ல தனிப்படம் இல்லையென்றால் முகத்தை மட்டும் வெட்டி, தயாராக வைத்திருக்கும் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டிவிடுவார்கள். நகையே போடாத பெந்தெகொஸ்தே சபை அம்மாவின் கழுத்தில் இரண்டு வடச் சங்கிலி தொங்கும். நிறத்தையும் இரண்டு பங்கு வெளுப்பாக்குவார்கள். ‘முகத்தில் கை வைக்கவேண்டாம், கீறலை மட்டும் எடுங்கள்’ என்று எழுதிக் கொடுப்பது நல்லது. பழைய குரூப் போட்டோவாக இருந்தால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

தொகுப்பில் இல்லாத, ஆனால் கேட்டால் செய்து தரும் ஒன்று உண்டு: அம்மாவின் வேதாகமத்துப் பக்கம். ஓரத்தில் பென்சிலில் தேதி, பிள்ளையின் பரீட்சை, யாருக்கோ காய்ச்சல், அடிக்கோடு என்று இருக்குமே, அந்தப் பக்கம். வேதாகமத் தாள் மெல்லிசு. அப்படியே எடுத்தால் பின்பக்கத்து எழுத்து ஊடே தெரிந்து பென்சில் மறைந்துவிடும். தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை ஒன்றைச் செருகினால் ஊடுருவல் அடங்கிவிடும். ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும் என்பதால் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் மேலிருந்து படமெடுப்பதே மேல். பிளாஷ் வேண்டாம், பென்சில் கோடு மினுங்கி அழிந்ததுபோல் ஆகிவிடும். கறுப்பு-வெள்ளையாக்காமல் நிறத்தோடே அச்சிடச் சொல்லுங்கள். தாளின் மஞ்சளும் விரல் பட்ட அழுக்கும் இருந்தால்தான் அது அவர் புத்தகம்.

இன்னொரு பக்கம் சமையலுக்கு. அவர் கிறிஸ்துமஸுக்குச் செய்த முந்திரிக்கொத்து என்றால், ‘சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய், எள், ஏலம்’ என்று பெயர்களை அடுக்கினால் போதாது. உழக்குக் கணக்கு அவருடையது என்பதால் அதை அப்படியே வைத்து, பக்கத்தில் கிராமையும் போடுங்கள். பாகு எந்தப் பதம், உருண்டை ஏன் எண்ணெயில் பிரிகிறது (பாகு இளகலாக இருப்பதாலோ, அரிசிமாவுக் கரைசல் நீர்த்துப்போனதாலோ), மூன்று மூன்றாகச் சேர்த்து எப்படி விடுவது என்பதெல்லாம் இருந்தால்தான் மகள் அடுத்த டிசம்பரில் செய்து பார்ப்பாள்.

தட்டச்சில் கோட்டை விடும் இடம் எழுத்துரு மாற்றம். நீங்கள் யூனிகோடில் அனுப்புவதைப் பழைய மென்பொருளுக்காகப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு பிரிந்து நிற்கும், 31:15-இன் நடுவிலுள்ள முக்காற்புள்ளி காணாமல் போவதுண்டு. கடைசித் திருத்தத்தைக் கைப்பேசியில் பார்த்துச் சரி சொல்லாமல், தாளில் எடுத்து, பெயர், தேதி, வசன எண் மூன்றையும் வேறொருவரை விட்டு வாசிக்கச் செய்யுங்கள்.

தாளுக்கு, உள்ளே 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேட் ஆர்ட், அதாவது பளபளப்பில்லாத வழவழப்புத் தாள். பளபளப்புத் தாளில் டியூப்லைட் விழுந்து வயதானவர்களுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்தும் 12 புள்ளிக்குக் குறையக்கூடாது. அட்டை 250 ஜிஎஸ்எம் என்றால் மடிக்குமுன் கிரீஸ் (மடிப்புக்கோட்டில் அழுத்திப் போடும் பள்ளம்) போட்டார்களா என்று கேளுங்கள், இல்லையேல் முதுகில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். நூறு, நூற்றைம்பது பிரதிக்கு டிஜிட்டலே போதும். ஆப்செட்டில் பத்துப் பிரதிக்கும் ஆயிரத்துக்கும் பிளேட் செலவு ஒன்றுதான். பக்கம் கூட்டினால் நாலு நாலாகத்தான் கூட்ட முடியும்.

‘இலவசம்’ என்று படம் போட்ட சாவிக்கொத்து சேர்த்துத் தருவார்கள். அது வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னும் 4 பக்கம் போடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.