வாயை மூட ஒரு வ, நேரம் பார்க்க ஒரு ந

நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக்கு தினமும் பஸ். தோள்பையில் ஒரு லேப்டொப், 20 கட்டத்துப் பிரெயில் டிஸ்பிளே ஒன்று: திரையில் இருக்கிற வரியை விரலுக்குப் புள்ளியாக எழுப்பும், பிரெயில் எழுத்து அமுக்கும் விசைகளும் அதில் உண்டு. டிஸ்பிளே கைமாறி வந்த பழசு. புள்ளிகள் நல்லாத்தான் எழும்புது, அதில் குறை இல்லை. எழுத வந்தது அதன் விசைகளை என் இஷ்டத்துக்கு மாற்ற விட்ட, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ பற்றி.

20 கட்டம் என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: "மட்டக்களப்பு அம்பாறை" என்று எழுதினால் வரி முடிஞ்சுது. தமிழ்ப் பிரெயிலில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஒரு கட்டம் போகும். மட்டக்களப்புக்கு 12, இடைவெளிக்கு 1, அம்பாறைக்கு 7. அதனால் வரியை நகர்த்தும் விசையில் என் பெருவிரல் எப்போதும் கிடக்கும். அது பழகிவிட்டது. பழகாதது வேறு. நேரம் பார்க்க, குரலை நிறுத்த, இன்னொரு கோப்புக்குப் போக, ஒவ்வொன்றுக்கும் கை லேப்டொப் விசைப்பலகைக்குப் போய்வரவேண்டும். திரும்பி வந்து விட்ட இடத்தைத் தடவும்போது வகுப்பே என் விரலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

என்விடிஏ 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய இலவச மென்பொருள். அதன் பிரிஃபரன்ஸஸ் மெனுவில் "இன்புட் ஜெஸ்ச்சர்ஸ்" என்று ஒன்று உண்டு. எத்தனையோ வருசம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். திறந்தால் கட்டளைகள் எல்லாம் வகை வகையாக நிற்கும். மேலே தேடும் பெட்டியில் நாலு எழுத்துத் தட்டினால் வேண்டியது மட்டும் மிஞ்சும். அதில் நின்று "ஆட்" கொடுத்து, டிஸ்பிளேயில் விரும்பிய விசைகளைச் சேர்த்து அமுக்கி, ஓகே. அவ்வளவுதான்.

எந்த விசை என்பதில்தான் விசயம் இருக்கு. என் டிஸ்பிளே எச்ஐடி என்ற பொது இணைப்பு முறையில் இணைவது. அதற்கு என்விடிஏ தானாகத் தரும் சேர்க்கைகள் ஆங்கில எழுத்தை வைத்துப் போட்டவை. ஸ்பேஸோடு எம் அமுக்கினால் ஆல்ட், டீ (T) என்றால் ஆல்ட்-டாப். அதிலே ஒரு அதிர்ஷ்டம்: தமிழுக்கும் பயன்படுகிற பாரதி பிரெயிலில் எம்முக்கான 1-3-4 புள்ளிகள் நமக்கு ம, டீக்கான 2-3-4-5 நமக்கு த. "த"வை நான் "தாவு" என்று மனதில் வைத்துக்கொண்டேன். ஸ்பேஸோடு டி (D) எழுத்தின் 1-4-5 மட்டும் ஆபத்து. அது திறந்திருக்கிற எல்லாவற்றையும் கீழே இறக்கிவிடும். தமிழில் அது எந்த எழுத்தும் இல்லை, அதனால் என் விரல் தற்செயலாகக்கூட அங்கே போவதில்லை.

அதே வழியில் நானும் போட்டேன். ஸ்பேஸோடு ந, நேரம். நாற்பது நிமிசப் பாடத்தில் எவ்வளவு மிச்சம் என்று புள்ளியிலேயே வந்து நாலு விநாடியில் மறையும், பிள்ளைகளுக்குத் தெரியாது. ஸ்பேஸோடு வ, வாய். பேச்சை நிறுத்துவது. இதில் சின்னச் சிக்கல் ஒன்று: அந்தக் கட்டளை பேச்சு, கேட்டால் மட்டும் பேச்சு, மௌனம், பீப் என்று நாலையும் சுற்றிவரும். பேச்சு அமைப்புகளுக்குள் போய் வேண்டாத இரண்டின் சரியடையாளத்தை எடுத்துவிட்டால் ஒரே அமுக்கில் மௌனம், மறு அமுக்கில் பேச்சு.

வீட்டில் செய்துகாட்டியபோது அம்மா கேட்டா, "மறுகா, பெட்டிக்கும் அகரம் படிப்பிச்சிட்டியா?"

கண்ட்ரோல்-எஸ் மாதிரி சாதாரண விசைகளையும் டிஸ்பிளேக்குக் கொண்டுவரலாம். "எமுலேடட் சிஸ்டம் கீபோர்ட் கீஸ்" பகுதியில் முதலில் அந்த விசையைச் சேர்த்து, பிறகு அதற்குப் பிரெயில் சேர்க்கை கொடுக்கவேண்டும். நான் விசையை மட்டும் சேர்த்து ஓகே கொடுத்துவிட்டேன். திரும்பப் போய்ப் பார்த்தால் காணவில்லை. சேர்க்கை கொடுக்காத விசையை அது வைத்திருக்காது. இதை இரண்டு தரம் செய்து, இரண்டு தரமும் லேப்டொப்பைத் திட்டினேன்.

பெரிய பாடம் பள்ளிக்கூடத்தில். ஒரு நாள் வகுப்பில் ஸ்பேஸோடு வ அமுக்கினேன், வாய் மூடவில்லை. குரல் பாட்டுக்கு 1924இல் கட்டிய எங்கட கல்லடிப் பாலத்தைப் பற்றி வாசித்துக்கொண்டே போனது. முதல் நாள் இரவு டிஸ்பிளே மெனுவில் எதையோ நோண்டி, எச்ஐடி முறையிலிருந்து மாற்றியிருக்கிறேன். என்விடிஏ இந்தச் சேர்க்கைகளை டிரைவரின் (டிஸ்பிளேயை இயக்கும் மென்பொருளின்) பெயரோடு சேர்த்துத்தான் எழுதிவைக்கும். டிரைவர் மாறினால் எல்லாம் அந்நியம். பின் வாங்கில் இருந்து ஒருத்தன், "டீச்சர், அது கேக்குதில்ல."

மற்றது, ஆசைப்பட்டு அதிகம் போடாதீர்கள். முதல் கிழமை நான் போட்டது பதினேழு, இப்போது மிஞ்சியது ஐந்து. குழம்பிப்போனால் அதே திரையில் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் பட்டனும் இருக்கு. அதைத் தொடுமுன் என்விடிஏ அமைப்புகள் இருக்கிற ஃபோல்டரில் கிடக்கும் ஜெஸ்ச்சர்ஸ்.ஐஎன்ஐ என்ற சின்னக் கோப்பைப் பென்ட்ரைவில் பிரதி எடுத்துவையுங்கள். பள்ளிக்கூடக் கணினிக்கும் நான் அதையேதான் கொண்டுபோய்ப் போட்டேன்.