வேகத்தடையா, டேபிள் டாப்பா, குறுகிய சாலையா?

50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க, ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்தால், சுமார் 28 மீட்டர் ஆகும். 30-இல் வந்தால் 13 மீட்டரே போதும். சென்னைக் குடியிருப்புத் தெருக்களில் 2023 முதல் 30 தான் வரம்பு. பலகையைப் பார்த்து யார் பிரேக் போடுகிறார்கள்? சாலையின் அமைப்புதான் வேகத்தைக் குறைக்க வைக்க வேண்டும்.

ஸ்பீட் பிரேக்கர் மலிவு, ஒரே இரவில் போட்டுவிடலாம். இந்திய சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) 99-ஆம் எண் விதிப்படி அது, வண்டி போகும் திசையில், 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 செ.மீ. உயரத்தில் வில்போல வளைந்திருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் பெரும்பாலும் கிடப்பது ஒரு மீட்டர்கூட இல்லாத தார்த் திட்டு. அதில் இடுப்பு ஒடிவது பைக்காரருக்கு. பெரிய கார் வேகமாகப் போனால் சஸ்பென்ஷனே அடியை வாங்கிக்கொள்ளும். போல்ட் போட்ட ரப்பர் துண்டு அதைவிட மோசம். ஒரு துண்டு பெயர்ந்தால் போதும், பைக்குகள் எல்லாம் அந்த இடைவெளியைத் தேடி வளையும், ஓரமாக நடப்பவர் மேலேயே.

டேபிள் டாப் என்பது ஜீப்ரா கிராசிங்கையே நடைபாதை மட்டத்துக்கு, 10 முதல் 15 செ.மீ. வரை, தூக்கிக் கட்டுவது. நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம். வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். 15 செ.மீ. உயரத்துக்கு 1:10 சரிவு என்றால் இருபுறமும் ஒன்றரை மீட்டர் தேவை. பஸ் போகும் தடத்தில் சரிவை இன்னும் நீட்டி, மேல்தளத்தை 6 மீட்டராக்குவது நல்லது. சொதப்புவது பெரும்பாலும் தண்ணீரில்தான்: மேடை ஓரக்கல்லைத் தொட்டதும் மழைநீர் ஓடும் வழி அடைபடும். நீர் வந்து சேரும் பக்கத்தில், சரிவு தொடங்குமுன், வடிகால் வாய் வைத்தே ஆக வேண்டும். தண்ணீருக்காக ஓரத்தில் இடைவெளி விட்டால் அதன்மேல் கம்பி மூடி வேண்டும். இல்லையேல் சக்கர நாற்காலி சிக்கும்.

சாலையைக் குறுக்குவது, தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் செய்ததுபோல, கடக்கும் தூரத்தையும் சேர்த்தே குறைக்கிறது. செலவுதான் அதிகம். பஸ் 2.6 மீட்டர் அகலம் என்பதால் தடத்தை 3 மீட்டருக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அகலமான நடைபாதையில் பைக் ஏறாமலிருக்க நடும் கம்பங்களில் ஒரு சிக்கல் உண்டு: சக்கர நாற்காலி நுழையும் 90 செ.மீ. இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும்.

ரம்பிள் ஸ்ட்ரிப், அதாவது சாலைக்குக் குறுக்கே வரிசையாகப் போடும் தாழ்வான பட்டைகள், எச்சரிக்கும், அவ்வளவே. வீடுகளுக்கு அருகில் இரவெல்லாம் சத்தம்.

பள்ளி, சந்தை வாசல் என்றால் டேபிள் டாப்தான். உள்தெருவுக்கு விதிப்படி கட்டிய ஸ்பீட் பிரேக்கர், 100–120 மீட்டருக்கு ஒன்று. தள்ளித் தள்ளிப் போட்டால் இடையில் முறுக்கிவிடுவார்கள். எதைக் கட்டினாலும் 40 மீட்டர் முன்னால் பலகை, மேட்டின்மேல் இரவில் ஒளிரும் வெள்ளைப் பட்டை. பட்டை அழிந்த மேடு இரவில் பைக்காரரைத் தூக்கி எறியும்.