கோல்ஃப் 4 கண்ணாடி கதவுக்குள் விழுந்தால்: கிளிப் மட்டும் மாற்றலாமா, பைரேட் பார்ட் வாங்கலாமா, ஸ்க்ராப்யார்டுக்குப் போகலாமா?

டர்பனில் கார் ஜன்னல் மூடாமல் நின்றால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடாது. தெருவில் நிறுத்த முடியாது, கோடைக்காலத்தில் சாயங்கால மழை எப்போது கொட்டும் என்று தெரியாது, கடல் காற்றின் ஈரம் வேறு சீட்டில் இறங்கிவிடும். ஃபோக்ஸ்வாகனின் யூட்டன்ஹேக் ஆலையில் செய்த கோல்ஃப் 4, ஜெட்டா 4 இரண்டும் (அந்த ஊருக்கு 2021 முதல் கரீகா என்று பெயர்) சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இன்னமும் நிறைய ஓடுகின்றன, எல்லாவற்றுக்கும் இருபது வயது தாண்டியாயிற்று. அவற்றில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான்: ரெகுலேட்டரில் (மோட்டார் இழுக்கும் கேபிளால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு) கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் கிளிப் உடையும், டக் என்று ஒரு சத்தம் கேட்கும், கண்ணாடி கதவுக்குள் போய்விடும்.

என் கார், தம்பி கார், பக்கத்து வீட்டு அக்கா கார் என்று மூன்றில் மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டேன். அதில் கற்றது ஒன்று: பார்ட்டின் விலையை விட, கதவு பேனலைத் திறந்து மூடுவதுதான் பெரிய செலவு. அதனால் எந்த வழி எடுத்தால் அந்தப் பேனலை மறுபடி தொட வேண்டியிராதோ, அதுவே மலிவான வழி.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். சுவிட்சை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, கண்ணாடி மட்டும் அசையவில்லை என்றால் கிளிப் போயிருக்கிறது. கரகரவென்று அரைத்து நின்றால் கேபிள் பிரிந்து சுற்றிக்கொண்டிருக்கும். சத்தமே இல்லையென்றால் பேனலைத் தொடாதீர்கள்; ஃப்யூஸ், சுவிட்ச், கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் காரில் அங்கே ஒயர் முறிவது சகஜம்.

பேனல் கழற்றுவது பற்றி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கைப்பிடி மேல் இருக்கும் மூடியைப் பிளாஸ்டிக் ட்ரிம் டூலால் நெம்பி எடுத்தால் உள்ளே ஸ்க்ரூக்கள் தெரியும், பேனலின் கீழ் விளிம்பிலும் உண்டு. எல்லாம் எடுத்த பிறகு கீழிருந்து தொடங்கி கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, பேனலை நேராக உங்கள் பக்கம் இழுக்காமல் மேலே தூக்க வேண்டும், ஏனென்றால் மேல் விளிம்பு கண்ணாடி ஓரத்தில் கொக்கி போட்டுத் தொங்குகிறது. தூக்கியதும் உள் கைப்பிடியின் கேபிளும் ஒயர் சாக்கெட்டுகளும் இன்னும் பிடித்திருக்கும், அவசரப்பட்டு இழுத்தால் அங்கேதான் உடையும். ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், பேனல் கார்டும் கிழியும். இருபது வருட வெயிலில் கிடந்த கிளிப்புகளில் நாலைந்து எப்படியும் உடையும், புதிதாக அரை டஜன் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், உள்தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும்.

சரி, இப்போது மூன்று வழிகள்.

கிளிப் கிட் கையளவு சின்னப் பொட்டலம், மூன்றிலும் விலை குறைவு. உலோகக் கிளிப் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள்; மறுபடி பிளாஸ்டிக்கே போட்டால் அதே கதைதான். ஆனால் வேலை இதில்தான் அதிகம். ரெகுலேட்டரை வெளியே எடுத்து, இறுக்கமாக நிற்கும் கேபிளைப் புதுக் கிளிப்பில் கோர்க்க வேண்டும், என் காரில் அதற்கு மட்டுமே பாதி நாள் போனது. கேபிள் நன்றாக இருந்தால்தான் இந்தப் பாடு பலிக்கும். இசிப்பிங்கோவில் ஒரு மெக்கானிக் அண்ணா எனக்குச் சொன்னது: "தம்பி, கேபிளை விரலால் தடவிப் பார், ஒரு இழை குத்தினாலும் அது வேண்டாம்."

பைரேட் பார்ட், அதாவது கம்பெனி பெயரில்லாத புது ரெகுலேட்டர், பார்க்கப் பளபளவென்று இருக்கும். உங்கள் பழைய மோட்டாரைக் கழற்றி அதில் மாட்டினால் போதும், மூன்று ஸ்க்ரூதான். வேகமான வழி இதுதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கா காரில் நான் போட்டது எட்டே மாதத்தில் கப்பி உடைந்து நின்றுவிட்டது, மறுபடி பேனல், மறுபடி கிளிப், மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லா பைரேட் பார்ட்டும் மோசம் என்று சொல்ல மாட்டேன். டொயோட்டா டாஸ் மாதிரி கையால் சுற்றும் ஜன்னல் உள்ள காருக்கு அது தாராளமாகப் போதும், அதன் அமைப்பே எளிது. தினமும் நூறு தடவை ஏறி இறங்கும் டிரைவர் பக்கக் கண்ணாடிக்கு மட்டும் நான் இனி போட மாட்டேன்.

ஸ்க்ராப்யார்டில் கிடைப்பது அசல். தகடு கனம், கப்பி கனம், அளவு கச்சிதம். நீங்களே கழற்றிக்கொள்ள விடும் இடமென்றால் இன்னும் நல்லது: உங்கள் காரைத் தொடும் முன் ஒத்திகை பார்த்த மாதிரி ஆயிற்று, உடையாத பேனல் கிளிப்புகளையும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் அதிலும் இருப்பது அதே வயதுள்ள பிளாஸ்டிக் கிளிப். அப்படியே மாட்டினால் சீக்கிரமே அதுவும் உடையும். ஆகவே என் தீர்ப்பு: கேபிள் சுத்தமாக இருந்தால் கிளிப் கிட் மட்டும், இழை பிரிந்திருந்தால் ஸ்க்ராப்யார்ட் ரெகுலேட்டரை வாங்கி, மாட்டுவதற்கு முன்பே வீட்டு மேசையில் வைத்து உலோகக் கிளிப்பைப் போட்டுவிடுங்கள். தம்பி காரில் இப்படிச் செய்து மூன்று வருடம் ஆகிறது.

வாங்கும்போது "டிரைவர் பக்கம்" என்று கேட்காதீர்கள், இடது, வலது என்றே கேளுங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் பார்ட்டில் டிரைவர் பக்கம் என்றால் இடது கதவு, நமக்கு அது வலது. ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது.

இன்னொன்று, எந்த வழி எடுத்தாலும் இதைச் செய்யாவிட்டால் வீண். கண்ணாடி ஓடும் ரப்பர் தடம் காய்ந்து இறுகிவிட்டால் கண்ணாடி ஏறச் சிரமப்படும், அந்தப் பாரமெல்லாம் கிளிப்பிலும் கேபிளிலும்தான் விழும். ஈரத்துணியால் தடத்தைத் துடைத்து, சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். இன்ஜின் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், தூசி ஒட்டி இன்னும் இறுகும். உள்தகட்டைச் சுற்றியுள்ள சீல் கிழிந்திருந்தால் பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் கார்பெட் நனையும்.

பேனலை மூடும் முன் பேட்டரியை மாட்டி, கண்ணாடியைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைசியாக முழுக்க மேலே ஏற்றி சுவிட்சைச் சில நொடி விடாமல் பிடித்தால் ஆட்டோமேட்டிக்காக ஏறும் வசதி திரும்பி வரும். அப்புறம்தான் பேனல்.