ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போறீங்களா? 24,500 ரூபாய் போன கடுப்புல எழுதுறேன், படிச்சுட்டுப் போங்க

காந்திபுரம் பக்கம் ரீஃபர்பிஷ்டு லேப்டாப், அதாவது பழசைச் சரிபண்ணி விக்கிற ஒரு கடை. பேர் போட மாட்டேன். மனு கொடுக்கப் போறேன், அதுக்கு முன்னாடி இங்க பேரைப் போட்டுட்டு வேற வம்பு வேண்டாம். இன்ஸ்டாகிராம்ல தினமும் ரீல்ஸ் போடுற ரகம், "ஸ்டூடண்ட் ஆஃபர், கோவை திருப்பூர் ஈரோடு ஃப்ரீ டெலிவரி"ன்னு கத்துவாங்க. கோயமுத்தூர்ல இந்த மாதிரி கடைக்கா பஞ்சம்? அதனால யாரும் "இந்தக் கடையா, அந்தக் கடையா"ன்னு இன்பாக்ஸ்ல வராதீங்க. கடைசியில முழு செக்லிஸ்ட் தர்றேன், மொதல்ல நடந்ததைக் கேளுங்க.

வாங்குனது டெல் லாட்டிடியூட் 7490. ஐ5-8350யூ, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 24,500 ரூபாய். தங்கச்சி பையன் காலேஜுக்கு. இந்த மாடல் மேல இப்பவும் எனக்கு ஒரு குறையும் இல்லை. உறுதியான உடம்பு, நல்ல கீபோர்டு, பிராசசர் எட்டாம் தலைமுறைங்கறதால விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவை நிறுத்திட்டாங்க, அதனால ஏழாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை மெஷினை எல்லாம் இனி தொடவே கூடாது. அந்தக் கணக்குல பார்த்தா தேர்வு சரிதான்.

நம்ப வைக்கிற வேலையைத்தான் கச்சிதமா பண்றாங்க. டீ வருது. "சந்தேகமே வேண்டாங்ணா, கண்ணு முன்னாலயே கழட்டிக் காட்றேனுங்"ன்னு கடைப் பையன் ஸ்க்ரூடிரைவர் எடுத்து பின்மூடியைக் கழட்டுனான். உள்ள ரேம் குச்சியைக் காட்டுனான், எஸ்எஸ்டி லேபிளைக் காட்டுனான், ஃபேனை ஊதிக் காட்டுனான். எஃப்2 அழுத்தி பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) பார்த்தா பிராசசர் பேர் சரி. டாஸ்க் மேனேஜர்ல 4 கோர், 8 லாஜிக்கல் பிராசசர். அதுவும் சரி. (ஆறு, ஏழாம் தலைமுறை யூ வகை ஐ5-ல 2 கோர், 4 லாஜிக்கல்தான் வரும். மேல "8th ஜென்" ஸ்டிக்கரை ஒட்டி உள்ள 6300யூ வெச்சு விக்கிறவங்க இருக்காங்க, ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க, கோர் எண்ணிக்கையைப் பாருங்க.) பேட்டரி ரிப்போர்ட் எடுத்தா 100 சதம். எல்லாம் சரி சரின்னு வந்தா யாரு நம்ப மாட்டாங்க? பணம் ஜிபேல போச்சு. 24,500. ஜிஎஸ்டி பில்லு? "ஆடிட்டர் போட்டு வாட்ஸ்ஆப்புல அனுப்பிடுவாருங்ணா."

பிரச்சினை வேலோரன்ட்ங்கற கேம்ல ஆரம்பிச்சது. தங்கச்சி பையன் கேமை ஏத்துனான், செக்யூர் பூட் இல்லைன்னு வேன் 9003 எரர். விண்டோஸ் 11-ல அந்த கேமோட வேன்கார்டு (ஏமாத்தி ஆடறவங்களைத் தடுக்கிற சாஃப்ட்வேர்), டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்பு சிப்) செக்யூர் பூட்டும் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் பண்ண விடற வசதி) ரெண்டும் கேட்கும். மெஷின்ல ரெண்டும் இருக்கு. ஆனா கடைக்காரங்க ஒரே இமேஜை (தயார் பண்ணி வெச்ச விண்டோஸ் நகல்) எல்லா மெஷினுக்கும் குளோன் பண்ணித் தள்றாங்க, அதுவும் பழைய லெகசி பூட் முறையில, எம்பிஆர்ங்கற பழைய டிஸ்க் பிரிப்புல. அந்த நிலையில செக்யூர் பூட்டை ஆன் பண்ண முடியாது, யூஇஎஃப்ஐங்கற புது பூட் முறைக்கு மாத்துனா பூட்டே ஆகாது. சரி, மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து இறக்கி பென்டிரைவ்ல போட்டு, சுத்தமா விண்டோஸ் ஏத்தி, வைஃபை கொடுத்தா...

திரையில ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோட லோகோ. "எங்கள் நிறுவனத்துக்கு வரவேற்கிறோம், உங்கள் ஆபீஸ் ஈமெயிலைக் கொடுங்கள்." கீழ பாஸ்வேர்டு கேட்குது. வேற வழியே இல்லை. பின்னாடி போற பட்டன் இல்லை, தவிர்க்கிற பட்டன் இல்லை.

இதுக்குப் பேர் ஆட்டோபைலட். பெரிய நிறுவனங்கள் லேப்டாப் வாங்கும்போதே அந்த மெஷினோட ஹார்டுவேர் ஹாஷை (அந்த மெஷினுக்கே உரிய அடையாளக் குறி) மைக்ரோசாஃப்ட்டோட சர்வர்ல தங்கள் பேர்ல பதிவு பண்ணிடுவாங்க. ஊழியர் எந்த ஊர்ல பெட்டியைப் பிரிச்சாலும், நெட் கொடுத்ததும் அந்த நிறுவனத்தோட லாகின் தானா வந்து நிக்கும். நல்ல வசதி, அவங்களுக்கு. பதிவு இருக்கறது கிளவுட்ல. அதனால ஃபார்மேட் பண்ணாலும் போகாது, எஸ்எஸ்டியை மாத்துனாலும் போகாது. மதர்போர்டை மாத்தணும், இல்லைன்னா அந்த நிறுவனத்தோட ஐடி ஆளுங்க தங்கள் கணக்குல இருந்து நீக்கணும். முறையா லீஸ் முடிஞ்சு வந்த மெஷின்னா நீக்கிட்டுத்தான் லாட்டுல (மொத்தமா விக்கிற சரக்குல) விடணும். நீக்காம வந்திருக்குன்னா ஒண்ணு அவங்க மறந்திருக்கணும், இல்லைன்னா அந்த மெஷின் வரவே கூடாத வழியில வந்திருக்கணும். எதுன்னு வாங்குறவனுக்குத் தெரிய வழி இல்லை.

இங்கதான் கடைக்காரனோட சூட்சுமம். ஆட்டோபைலட் வேலை செய்யறது முதல் தடவை செட்டப் பண்ற நேரத்துல மட்டும்தான், அதுவும் நெட் இருந்தா மட்டும். நெட்டே கொடுக்காம, லோக்கல் அக்கவுண்ட்ல செட்டப்பை முடிச்சுட்டா லோகோ வராது. அப்புறம் நெட் கொடுத்தாலும் ஒண்ணும் தெரியாது. கடையில எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தாலும், பின்மூடியைக் கழட்டிப் பார்த்தாலும், கண்டுபிடிக்க முடியாது. என்னைக்கோ ஒரு நாள் ரீசெட் பண்ணும்போதுதான் குட்டு வெளிப்படும், அதுக்குள்ள வாரண்டி முடிஞ்சிருக்கும். நாங்க கேமுக்காக சீக்கிரமே ஃபார்மேட் பண்ணுனதாலதான் இப்பவே தெரிஞ்சது.

கடைக்கு போன் பண்ணா மொத பதில்: "அது மைக்ரோசாஃப்ட் பிரச்சினைங்ணா, நாங்க என்ன பண்றதுங்க." அடுத்த பதில்: "நீங்க எதுக்குங்ணா ஃபார்மேட் பண்ணுனீங்க? நாங்க போட்டுக் கொடுத்ததை மாத்துனா வாரண்டி கட்டுங்க." அதுக்கப்புறம் டெக்னீஷியன் லீவு. அதுக்கப்புறம் ஓனர் பழனி போயிருக்காரு. நேர்ல போய் நின்னா, டீ கொடுத்த அதே பையன், "கொடுங்ணா, நெட் இல்லாம போட்டுத் தந்தர்றேன், பத்து நிமிசம்"ங்கறான். கவனிங்க. நெட் இல்லாம போட்டா லோகோ வராதுன்னு இவனுக்குத் தெரியுது. அப்படின்னா விக்கும்போதே தெரியும். இதைச் சொன்னதும் பேச்சு மாறுது: "அண்ணா, 24,500-க்கு என்னங்ணா எதிர்பார்க்கறீங்க, புதுசா?" பணத்தைத் திருப்பிக் கேட்டா, "ரீஃபண்டு பாலிசி இல்லீங், எக்சேஞ்சுன்னா மேல ஆறாயிரம் போடுங்க." அதே கடை, அதே லாட்டு, இன்னொரு மெஷின், கூட ஆறாயிரம்!

"ஆஃப்லைன்ல போட்டு ஓட்ட வேண்டியதுதானே, என்ன கெட்டுப் போச்சு"ன்னு கமெண்ட்ல வரப் போறவங்களுக்கு: ஒவ்வொரு ரீசெட்டுக்கும் இதே கூத்து. திரும்ப விக்க முடியாது. அந்தப் பழைய நிறுவனத்தோட கணக்குல மெஷின் இன்னும் சேர்ந்தே இருக்கு. பயாஸ்ல அப்சல்யூட், பழைய பேர் கம்ப்யூட்ரேஸ், ஆக்டிவேட் ஆகி இருந்தா இன்னும் மோசம், நிறுவனம் நினைச்சா தூரத்துல இருந்தே மெஷினை முடக்கலாம், விண்டோஸை மாத்தியும் தப்ப முடியாது. லினக்ஸ் போட்டா ஆட்டோபைலட் தொல்லை இல்லைங்கறது உண்மை. ஆனா லினக்ஸ்ல வேலோரன்ட் ஓடாது, பையனோட காலேஜ் சாஃப்ட்வேர் பாதி ஓடாது.

இன்னொரு விஷயம், இதுதான் என்னை ரொம்பக் கொதிக்க வெச்சது. அவங்க போட்டுக் கொடுத்த விண்டோஸை அழிக்கிறதுக்கு முன்னாடி விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பார்த்தேன். வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன், அதுல மேனேஜ் செட்டிங்ஸ், கீழ எக்ஸ்குளூஷன்ஸ். அங்க என்ன இருக்கு தெரியுமா? சி டிரைவ். முழு சி டிரைவும் "இங்க தேடாதே"ன்னு டிஃபெண்டருக்கு, அதான் விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸுக்கு, சொல்லி வெச்சிருக்காங்க. காரணம், கிராக் பண்ணுன என்டர்பிரைஸ் விண்டோஸ். லைசென்ஸ் இல்லாம ஓட வைக்கிற அந்த ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடிச்சுடும்னு காவல்காரனையே கண்ணைக் கட்டி உட்கார வெச்சிருக்காங்க. இத்தனைக்கும் இந்த மாதிரி லாட்டிடியூட்ல டெல் கொடுத்த புரோ லைசென்ஸ் பெரும்பாலும் பயாஸ்லயே இருக்கும், சுத்தமா ஏத்துனா தானா ஆக்டிவேட் ஆகும். ஒரே இமேஜைக் குளோன் அடிக்கிற சோம்பேறித்தனத்துக்கு, வாங்குறவனோட பேங்க் பாஸ்வேர்டு வரைக்கும் பணயம். இப்படிக் கடை போட்டுக் கொடுத்த விண்டோஸ்ல ஏற்கெனவே லாகின் பண்ணி இருந்தீங்கன்னா வேற மெஷின்ல இருந்து பாஸ்வேர்டுகளை மாத்துங்க, இன்னைக்கே.

அந்த 100 சதம் பேட்டரி கதையும் இருக்கு. எட்டாம் தலைமுறை மெஷின்ல பேட்டரி டிசைன் கெப்பாசிட்டியும் (புதுசுல இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் (இப்ப இருக்கிற கொள்ளளவு) அச்சு அசலா ஒரே எண், சைக்கிள் கவுண்ட் (எத்தனை முறை சார்ஜ் ஆச்சுங்கற கணக்கு) பூஜ்யம்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. ஒரிஜினல் பேட்டரி அந்த வயசுல கொஞ்சமாவது தேஞ்சிருக்கும். டூப்ளிகேட் பேட்டரியோட சிப் என்ன எழுதி வெச்சிருக்கோ அதைத்தான் ரிப்போர்ட் காட்டும். கணக்கு எளிது: 60 வாட்-ஹவர் பேட்டரி, யூடியூப் ஓட்டுனா இந்த மெஷின் சுமார் 10 வாட் இழுக்கும், அரை மணி நேரத்துக்கு 5 வாட்-ஹவர், அதாவது 8, 9 சதம் இறங்கணும். எங்களுக்கு இறங்குனது 30 சதத்துக்கு மேல. கேட்டா வாரண்டி கார்டோட பின்பக்கத்தைக் காட்றாங்க: "பேட்டரி, அடாப்டர், டிஸ்ப்ளே, சாஃப்ட்வேர் இதில் அடங்காது." மிச்சம் என்ன இருக்கு, ஸ்க்ரூவா?

வாட்ஸ்ஆப்புல வர்றதா சொன்ன பில்லும் கடைசியா வந்துச்சு. எஸ்டிமேட்னு மேல போட்டு, ஜிஎஸ்டி நம்பர் இல்லாம, சர்வீஸ் டேக் (டெல் மெஷினோட தனி அடையாள எண்) இல்லாம, "லேப்டாப் 1, 24,500". அவ்வளவுதான். எந்த லேப்டாப்புன்னே அதுல இல்லை. பணம் போனது கடை கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பேருக்கு.

இப்போ 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் கொடுத்தாச்சு. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போகலாம், இ-ஜாக்ரிதி சைட்லயே மனு போடலாம். ஜிபே ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு, லோகோ வந்த திரையோட போட்டோ, பயாஸ்ல சர்வீஸ் டேக் தெரியற போட்டோ, லோகோவும் சர்வீஸ் டேக்கும் ஒரே மெஷின்ல வர்றதைக் காட்டுற, நடுவுல வெட்டாத ஒரே வீடியோ. இதெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். கடைக்காரன் மெஷினைக் "கொடுத்துட்டுப் போங்க, பார்த்து வெக்கறோம்"னு கேட்டான், கொடுக்கலை. கொடுத்துடாதீங்க, அவன் ஆஃப்லைன்ல போட்டுட்டு "எங்கீங்க லோகோ?"ன்னு நம்மளையே கேப்பான்.

செக்லிஸ்ட் தர்றேன்னு சொன்னேன். விரிவா எழுத இப்ப பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும்.

கடையிலயே ரீசெட் போடச் சொல்லுங்க, "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்து. முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். செட்டப் திரை வந்ததும் கடை வைஃபை வேண்டாம், உங்க போன் ஹாட்ஸ்பாட் கொடுங்க. நிறுவன லோகோ வந்தா எந்திரிச்சு வந்துடுங்க. ரீசெட் பண்ண விட மாட்டேன்னு சொன்னாலும் எந்திரிச்சு வந்துடுங்க.

பயாஸுக்குள்ள போக பாஸ்வேர்டு கேட்டா வேண்டாம். திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருந்தா சிமாஸ் பேட்டரியை (போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி) கழட்டுனா போயிடும்பாங்க, போகாது, லெனோவோவே போர்டை மாத்தத்தான் சொல்லும்.

அடிமூடியில இருக்கிற சர்வீஸ் டேக்கும் பயாஸ்ல இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். பில்லுல அந்த நம்பர் எழுதாம பணம் அனுப்பாதீங்க, கடை பேர்ல இல்லாத க்யூஆருக்கும் அனுப்பாதீங்க.

சார்ஜர். டெல் மெஷினை ஸ்டார்ட் பண்ணும்போது அடாப்டர் வகை தெரியலைன்னு மெசேஜ் வந்தா அது பெரும்பாலும் டூப்ளிகேட், பேட்டரி ஏறாது, பிராசசரும் வேகத்தைக் குறைச்சுக்கும். "அதெல்லாம் எஃப்1 தட்டுனா போயிருமுங்"னு சொல்லுவாங்க. போறது மெசேஜ் மட்டும்தான்.