எண்ணூர் ஆறு எப்போது கெட்டது? ஒரே கேள்வி, நான்கு துறை

வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து முதுகலை முடித்துவிட்டு பிஎச்டி பதியும் யோசனையில் இருக்கும் பிள்ளைகளிடம் தலைப்பு கேட்டால், எண்ணூர் கழிமுகம் என்று பலர் சொல்வார்கள். எந்தத் துறையில் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். வரலாறு, சுற்றுச்சூழல் அறிவியல், புவியியல், சமூகவியல் நான்குமே அந்தச் சேற்றில் கால் வைத்திருக்கின்றன. எது உசத்தி என்று பொதுவாகப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். ஒரே கேள்வியை நான்கிடமும் கேட்டுப் பார்க்கலாம்: கொசஸ்தலையாறு கடலில் சேரும் இந்த இடம் எப்போது கெட ஆரம்பித்தது?

வரலாற்று மாணவர் எழும்பூருக்குப் போவார். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கடிதம் கொடுத்து, அட்டவணையைப் புரட்டி, வருவாய் வாரியத்தின் பழைய கட்டுகளைக் கேட்டு வாங்குவார். நிறையக் கிடைக்கும். 1805இல் மதராஸ் மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம் ஆனது. அடுத்த வருடம் பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை சுமார் 17 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார். பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியின் முதல் துண்டு அதுதான். கழிமுகத்தில் மனிதன் கை வைத்தது அனல்மின் நிலையத்தோடு தொடங்கவில்லை என்று காட்ட இது போதும். ஆனால் அரசு எதிலிருந்து பணம் எடுத்ததோ அதைப் பற்றித்தான் கட்டுகட்டாகக் காகிதம் இருக்கும். உப்பு பேசும், கால்வாய்ச் சுங்கம் பேசும். ஆற்றில் கையால் தடவி இறால் பிடித்த பெண்ணைப் பற்றி ஒரு வரி கிடைப்பது அதிர்ஷ்டம். 1970க்குப் பிறகான கோப்புகள் பெரும்பாலும் துறை அலுவலகங்களிலேயே முடங்கியிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நம் கேள்விக்கு வரலாறு முன்னுரை எழுதித் தரும். தேதி தராது.

தேதி சேற்றில் இருக்கிறது. அது சுற்றுச்சூழல் அறிவியலின் வேலை. குழாயை இறக்கி வண்டலை ஒரு தூணாக எடுத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு. கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குள் எந்த அடுக்கு எப்போது படிந்தது என்று அதை வைத்துக் கணக்கிடலாம். அதே துண்டை அமிலத்தில் கரைத்து, உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் விட்டால் ஆர்சனிக், குரோமியம், ஈயம் எல்லாம் எண்ணாக வந்து விழும். நிலக்கரிச் சாம்பலில் உருண்டையான கண்ணாடித் துகள்கள் இருக்கும். நுண்ணோக்கியில் அவை எந்த அடுக்கில் தலைகாட்டுகின்றன என்று பார்த்தாலே பாதிக் கதை தெரியும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் வந்தது. இந்த வருடங்களை அடுக்குகளோடு பொருத்திப் பார்ப்பது போன்ற ஆய்வு வேறெந்தத் துறைக்கும் வாய்க்காது.

சிக்கல் இரண்டு. கருவி உங்களிடம் இருக்காது. சேறு வடக்கே, மெஷின் தெற்கே: கிண்டி, தரமணி, பள்ளிக்கரணை. எண்ணூரிலிருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறும் ஸ்காலருக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். இரண்டாவது இன்னும் பெரிது. துறைமுகத்துக்கும் முகத்துவாரத்துக்கும் தூர்வாருகிற ஊர் இது. தூர்வாரிய இடத்தில் அடுக்கு கலைந்து கிடக்கும்; அங்கே எடுத்த தூண் எத்தனை நவீனக் கருவிக்குள் போனாலும் பொய்தான் சொல்லும். எந்த மூலையில் மண் அசையாமல் இருக்கிறது? அதை ஆய்வகத்தில் யாரும் சொல்ல முடியாது.

புவியியல்காரர்களின் செயற்கைக்கோள் படத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோரும் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, எண்பதுகளிலிருந்து 30 மீட்டர் துல்லியம், 2008 முதல் இலவசம். 2015இல் வந்த ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் வரை காட்டும். லேப்டாப் போதும், வேலைக்குப் போய்க்கொண்டே செய்யலாம். சாம்பல் குளம் எங்கே பரவியது, உப்பளம் எங்கே மறைந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. ஆனால் படம் எடுத்த நேரத்தில் ஓதமா வற்றமா என்று பார்க்காமல் நீர்ப்பரப்பு சுருங்கியதாக எழுதுகிறவர்கள் உண்டு. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நல்ல கடலியல் பேராசிரியர் உட்கார்ந்திருந்தால் தப்ப முடியாது. அதைவிட முக்கியமாக, படத்தில் அகலம் தெரியும், ஆழம் தெரியாது. ஆனால் மீனவர் ஊர்களான காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் ஆறு தூர்ந்துபோச்சு என்பதுதான் பிரதானமான புகார்.

அந்தப் புகாரைக் கேட்கிற துறை சமூகவியல், மானிடவியல். இதைத்தான் நம் பிள்ளைகள் கடைசியாக வைக்கிறார்கள். ‘பேட்டி எடுக்கிறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?’ என்ற ஏளனம் வீட்டிலேயே உண்டு. உண்மையில் நான்கிலும் கஷ்டமானது இதுவே, அதுவும் உள்ளூர்க்காரருக்கு. வெளியூர் ஆய்வாளர் கேட்டால் ஆயா உட்கார்ந்து விளக்குவார். நீங்கள் கேட்டால், ‘உனுக்குத் தெரியாததா கண்ணு?’ என்று பேச்சை முடித்துவிடுவார். தெரிந்ததையே தெரியாதவர்போல் கேட்கக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும்.

வருடம் கேட்டாலும் வராது. தர்மல் வந்தப்போ, எம்ஜிஆர் செத்தப்போ, சுனாமிக்கு முன்னாடி என்றுதான் வரும். அது குறையில்லை. 1987, 2004 என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த ஆணிகளில் நினைவைத் தொங்கவிட்டு, பல வீடுகளில் கேட்டு ஒப்பிட்டால், மடவை மீன் குறைந்தது எப்போது, அனல்மின் நிலைய வெந்நீர் வந்து விழுந்தது எந்தப் பக்கம் என்று கோடு கிழிக்க முடியும். எந்த மூலையில் மண் அசையவில்லை என்பதும் இங்கேதான் தெரியவரும். வலை போடுகிறவர் காலால் மிதித்தே அடி மண்ணைச் சொல்லிவிடுவார். ஆனால் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள் வந்தது போன்ற பெரிய சம்பவங்கள் அதற்கு முந்தைய மெல்லிய மாற்றங்களை நினைவிலிருந்து அழித்துவிடும். பசுமைத் தீர்ப்பாயத்திலும் அளவீடும் வரைபடமும் எடுபடுகிற அளவுக்கு வாய்ப்பேச்சு எடுபடாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்திருந்தால், அதாவது மாதம் 37,000 ரூபாய் கையில் இருந்தால், சுற்றுச்சூழல் அறிவியலில் பதியுங்கள். ஆனால் முதல் வருடம் குழாயைத் தொடாமல் குப்பங்களில் நடங்கள். உதவித்தொகை இல்லாமல் வேலைக்குப் போகிறவர் என்றால் புவியியல், பகுதிநேரம். ஆவணக் காப்பகம் பொறுமையுள்ளவர்களுக்கு. எண்ணூரைவிடப் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லையும் 1921 வேலைநிறுத்தத்தையும் எடுத்தால் அவர்களுக்குக் காகிதம் கொட்டிக்கிடக்கும். சமூகவியலை மட்டும் தனியாக எடுப்பவர் உள்ளூர்க்காரராக இருந்தால், சொந்தக் குப்பத்தை விட்டு இரண்டு குப்பம் தள்ளிப் போய் ஆரம்பிப்பது நல்லது.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகள்படி பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, உச்சம் ஆறு. வேறு துறையிலிருந்து துணை நெறியாளரை வைத்துக்கொள்ளவும் அதே விதிகளில் இடம் உண்டு. சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கத்தை எழுதும்போதே சமூகவியல் ஆசிரியர் ஒருவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள், ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தபின் கேட்டால் கைடு முகம் சுளிப்பார்.