கத்தரிக்கோல் செய்த மாயம்: 'இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்', மீட்டெடுத்த பதிப்பு

ஜெர்மன் இயக்குநர் லோட்டே ரைனிகர் 1926-இல் வெளியிட்ட நிழலுருப் படம், அதாவது வெட்டிய உருவங்களை நிழலாக அசையவிடும் அனிமேஷன். ஆயிரத்தோர் இரவுகள் கதைகள்தான் மூலம். நீளம் சுமார் 65 நிமிடம். மூல நெகடிவ் இன்று இல்லை. எஞ்சிய நைட்ரேட் (அக்காலத் திரைப்படச் சுருள்) பிரதியிலிருந்து மீட்ட பதிப்பில் மஞ்சள், நீல வண்ணப்பூச்சு திரும்பியிருக்கிறது.

கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத் தகடும் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் கோத்த பொம்மைகள். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு, தலைக்கு மேல் கேமரா. ஒரு இம்மி நகர்த்தி ஒரு ஃபிரேம், அவ்வளவுதான். ஈயம் எதற்கு? எடை இருந்தால்தான் பொம்மை தட்டையாகப் படியும். வெறும் அட்டை சுருண்டால் விளிம்பு மங்கிவிடும்.

கறுப்பின் மேல் கறுப்பு விழுந்தால் வெறும் திட்டுதான். அதனால்தான் முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில். கைகள் உடலை விட்டு விலகியே நிற்கும். இளவரசர் காதலிக்கும் பரி பானு சிறகு உடையைக் களையும் காட்சியில் கவனியுங்கள்: முகத்தில் கண்ணோ வாயோ தெரியாது, கழுத்தின் சாய்வே நாணத்தைச் சொல்லிவிடும். மந்திரவாதியின் நீண்ட விரல்கள் தனி நடிப்பு.

சீனப் பகுதியில் உருவங்கள் கேலிச்சித்திரமாகிவிடுகின்றன, அது உறுத்தல். நடுவே கொஞ்சம் இழுவையும் உண்டு.

டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியை (இடையில் ஃபிரேம்களைச் செருகி அசைவை மென்மையாக்குவது) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அசைவு வழுக்கும், விளிம்புகள் பிசிறடிக்கும். பிரைட்னஸ் கூடினால் கறுப்பு சாம்பலாகிவிடும். கைபேசி வேண்டவே வேண்டாம், ஜன்னல்களில் சரிகை போல வெட்டிய நுண்வேலைப்பாடு மொத்தமும் போய்விடும்.