நஜ்தோர்ஃபா, காரோ-கானா?

செஸ்ஸில் வெள்ளை முதல் நகர்த்தலாக ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயை ஈ4-க்குத் தள்ளினால், கறுப்பில் நெடுநாள் நஜ்தோர்ஃப் சிசிலியன் என்ற ஓப்பனிங்கைத்தான் (தொடக்க வரிசை) ஆடிவந்தேன். போன வருடம் காரோ-கான் என்ற இன்னொரு ஓப்பனிங்குக்கு மாறினேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

நஜ்தோர்ஃபின் பலத்தை நான் சொல்லித் தெரிய வேண்டாம். உலக சாம்பியன்களான ஃபிஷரும் காஸ்பரோவும் நம்பிய ஓப்பனிங். கறுப்பிலும் வெற்றிக்கே ஆடலாம்.

ஆனால் அதைப் பராமரிப்பது பெரிய வேலை. 5...ஏ6 (கறுப்பின் ஐந்தாவது நகர்த்தல், சிப்பாய் ஏ6-க்கு) வந்ததும் வெள்ளை ஒரு பிஷப்பை ஜி5, ஈ3, சி4, ஈ2 என்று எங்கும் வைக்கலாம். எஃப்3, ஜி3, எச்3 என்று சிப்பாயையும் தள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு. மூன்று மாதம் தொடாமல் விட்டால் பாதி மறந்துபோகும்.

1972 ரெய்க்யவிக் உலக சாம்பியன்ஷிப்பின் 11-ஆம் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. ஃபிஷரின் ராணி பி2 சிப்பாயைத் தின்றுவிட்டு ஏ3-இல் நிற்கிறது. 14-ஆவது நகர்த்தலை மூடி வைத்துக்கொண்டு அரைமணி யோசித்தேன், எனக்குப் பிடிபடவில்லை. எதிரே ஆடும் ஸ்பாஸ்கி சி3 குதிரையைப் பி1-க்கே, அது கிளம்பிய கட்டத்துக்கே, திருப்பி அனுப்புகிறார்! அப்புறம் ராணிக்கு மூச்சு முட்டுகிறது, கடைசியில் பறிபோகிறது. பி2 சிப்பாயைத் தின்னும் இதே ‘விஷச் சிப்பாய்’ வழியில் 7-ஆம் ஆட்டத்தை டிரா செய்தவர் ஃபிஷர். அவருக்கே இந்தக் கதி என்றால், வாரக்கடைசியில் மட்டும் புத்தகம் திறக்கிற நான் எம்மாத்திரம்?

காரோ-கானில் திட்டம் கையோடு வருகிறது. சி6, டி5, வழி கிடைத்தால் சி8 பிஷப் எஃப்5-க்கு, அதன் பிறகே ஈ6. வெள்ளை டி5-இல் சிப்பாயை மாற்றிக்கொண்டால், பின்னால் பி5, பி4 என்று தள்ளி சி3 சிப்பாயை உறுத்தலாம். வரிசை மறந்தாலும் காய்கள் எங்கே போகவேண்டும் என்பது மறப்பதில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 1997-இல் டீப் புளூ என்ற ஐபிஎம் கணினியுடன் காரோ-கான் ஆடிய ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் ஏழாவது நகர்த்தலாக எச்6 தள்ள, அது ஈ6-இல் குதிரையைப் பலி கொடுத்தது. 19 நகர்த்தலில் காஸ்பரோவ் தோற்றார். அது 4...குதிரை டி7 வழி. நான் 4...பிஷப் எஃப்5 ஆடுவதால் அந்தக் கண்டம் எனக்கு வருவதில்லை.

காரோ-கானுக்கு எதிராக வெள்ளை டி5-இல் சிப்பாயை மாற்றிக்கொண்டு சி4 தள்ளும் பனோவ் தாக்குதலை நான் இரண்டே முறைதான் சந்தித்திருக்கிறேன். அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. கடைசிச் சுற்றில் கறுப்பில் ஜெயித்தே ஆகவேண்டும் என்ற நிலைமையும் இதுவரை வரவில்லை. அதனால் நஜ்தோர்ஃப் குறிப்பு நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.